வில்மாட் வம்சத்தில் என் பெயர்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்க தம்பி. எனக்குக் காற்று வேண்டாம். இந்த அட்டைக் குழாயை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ள இடம் இருந்தால் போதும். மேலே கம்பியில் போடச் சொல்கிறான் கண்டக்டர். போடுவேனா? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போதே சொல்லிவிட்டேன், இது நசுங்கினால் பஸ்ஸை விட்டு நான் இறங்க மாட்டேன் என்று. சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

நீங்க துறையூரா? நான் புலிவலத்தில் இறங்க வேண்டும். வந்தால் சொல்லுங்க, அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த ஊர். கட்டிக்கொடுத்த ஊர் என்ன, அவளாகக் கட்டிக்கொண்டு போன ஊர். இத்தனை வருஷத்தில் நான் போனதில்லை. போக மாட்டேன் என்று சொன்னவன், போகவில்லை. நான் சொன்னால் சொன்னதுதான்.

என் பெயரா? நார்மன் வில்மாட்.

ஏன் முழிக்கிறீங்க? என் நிறத்தைப் பார்த்து அந்தோணியோ ஆரோக்கியமோ என்று நினைத்திருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். கண்ணைப் பாருங்க. இப்படி வெளிச்சத்தில் பாருங்க. பூனைக்கண். எங்கப்பா கண். நான் வில்மாட் என்பதற்கு இதுதான் எனக்கு இருந்த ஒரே சாட்சி. இப்போது இன்னொன்று வந்திருக்கிறது. இந்தக் குழாய்க்குள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து தபாலில் வந்தது. காவிரிப் பாலம், கொள்ளிடப் பாலம் எல்லாம் தாண்டி டோல்கேட்டில் வண்டி நிற்கும்போது பிரித்துக் காட்டுகிறேன். ஓடுகிற வண்டியில் வேண்டாம்.

பொன்மலை ரயில்வே காலனி தெரியுமா? அங்கே எங்களைச் சட்டைக்காரர்கள் என்பார்கள். வெள்ளைக்காரன் வழியில் வந்தவர்கள், வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள். எங்கப்பா ஸ்டான்லி வில்மாட் இன்ஜின் டிரைவர். அம்மா மாவிஸ். அண்ணன் ட்ரெவர். அப்புறம் நான். அம்மா சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருப்பாள். ட்ரெவர் அவளை உரித்து வைத்தவன். எனக்கு மட்டும் இந்த நிறம் எங்கிருந்து வந்ததோ. கண் அப்பா, மூக்கு அப்பா, நிறம் மட்டும் ஊர் நிறம். சின்ன வயசில் அம்மா எனக்கு முகத்தில் பவுடர் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துண்டால் துடைத்துவிடுவாள்.

அப்பா இன்ஜினிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். எனக்கு ஒன்பது வயசு இருக்கும். அப்போது காலனியில் வீடு வீடாகக் காலியாகிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடா. இன்றைக்கு இந்த வீட்டில் பியானோ விற்பார்கள், நாளைக்கு அந்த வீட்டில் கட்டில் விற்பார்கள். சும்மா போக முடியாது தம்பி. தாத்தா யார், அவருக்கு அப்பா யார், எந்த வெள்ளைக்காரன், எந்தச் சர்ச்சில் ஞானஸ்நானம் என்று ஒவ்வொருவரும் ஓடி ஓடிக் காகிதம் தேடினார்கள். காகிதம் மட்டும் போதாது. அப்போது அந்த நாட்டில் முகத்தையும் பார்ப்பார்கள். வெள்ளைக்காரன் மாதிரி இருக்கிறானா என்று பார்ப்பார்கள். குடும்பத்தில் ஒரு முகம் கறுத்திருந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் கதவு சாத்தல் என்று காலனி முழுக்கப் பேச்சு.

ஒருநாள் அந்த நாட்டு ஆபீசர் ஒருத்தர் பொன்மலைக்கே வந்தார். ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டுப் பார்த்தார்.

காலையில் அம்மா ட்ரெவருக்கு டை கட்டிவிட்டாள். எனக்கு ஒரு காக்கிச் சட்டை கொடுத்தாள். எங்கள் வீட்டுச் சமையல்காரர் சவரிமுத்துவின் மகனுடைய சட்டை. மேலே ரெண்டு பொத்தான் இல்லை. செருப்பைக் கழற்றச் சொன்னாள். நான் ஏன் என்று கேட்டேன். "பேப்பருக்காகத்தான் நார்மன். ஒருநாள்தான். அப்புறம் எல்லாம் பழையபடிதான்" என்றாள். இங்கிலீஷில் சொன்னாள். அப்போது எனக்கு இங்கிலீஷ் உங்களைவிட நன்றாக வரும். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். விட்டால் அழுதுகொண்டே பின்னால் ஓடி வருவேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் குடையையும் தண்ணீர் கூஜாவையும் என் கையில் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆபீசர் அம்மாவிடம் பேசினார், ட்ரெவரிடம் பேசினார். அப்புறம் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். என் கண்ணைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். இது யார் என்று கேட்டார்.

"குக்ஸ் பாய்" என்றாள் அம்மா.

சமையல்காரன் பையன். என் வாழ்க்கையில் எனக்கு முழுசாகப் புரிந்த கடைசி இங்கிலீஷ் அதுதான் தம்பி.

ட்ரெவருக்குப் பதினாலு வயசு. வாய் இருந்தது. திறக்கவில்லை. மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அம்மாவை மன்னித்தாலும் மன்னிப்பேன், அவனை மன்னிக்க மாட்டேன். அம்மாவையும் மன்னிக்கவில்லை, அது வேறு விஷயம்.

அந்த ஆபீசர் நல்ல மனுஷர். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, தலையைத் தடவி, சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். மினுமினுக்கும் காகிதம் சுற்றிய மிட்டாய். அந்த மாதிரி மிட்டாயை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வெளியே வந்ததும் சாக்கடையில் எறிந்தேன். அம்மா, "என்ன திமிர் பார், அவர் ஆசையாகக் கொடுத்தார்" என்றாள். நீங்களே சொல்லுங்க. ஆசையாகக் கொடுத்தாராம். அதைத் தின்பேனா நான்?

அவர்கள் கப்பல் ஏறினார்கள். எங்கள் வீட்டு நாய் டாலியை ஃபோர்மேன் வீட்டில் விட்டார்கள். என்னைச் சவரிமுத்து வீட்டில் விட்டார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் எப்படியாவது கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள் அம்மா. எப்படிக் கூப்பிடுவாள்? பிள்ளை ஒன்றுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. இல்லாத பிள்ளையை எங்கிருந்து வரவழைப்பாள்? கொஞ்ச நாள் கங்காரு படம் போட்ட அட்டை வந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றது.

சவரிமுத்துவும் அவர் சம்சாரமும் நல்லவர்கள்தான். இருந்த சோற்றை எனக்கும் போட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு போயிற்று, அது அவர்கள் குற்றமில்லை, அவருக்கே வேலை போயிற்று, காலனியில் சமைக்க வீடு ஏது? ஆனால் ஒன்று. நான் அவர்களை அப்பா என்றோ அம்மா என்றோ ஒருநாளும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அம்மா அன்றைக்குச் சொன்னது உண்மையாகிவிடும் இல்லையா? சாகக் கிடக்கும்போது சவரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவை கூப்பிடுய்யா" என்றார். "சவரி" என்றேன். அம்மா கூப்பிடுகிற மாதிரியே. நான் வில்மாட், தம்பி. அதை யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்புறம் லேத் பட்டறை. இரும்புத்தூள் பட்டுப் பட்டு இந்தக் கண்ணும் மங்கிவிட்டது. சலேத்மேரியைக் கட்டினேன். ஊர்ப்பெண்தான். சட்டைக்காரப் பெண் எனக்கு எங்கே கிடைப்பாள்? ஒரே பெண் குழந்தை. லோர்னா என்று பெயர் வைத்தேன். பட்டறையில் வெந்து அவளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தேன். என்னை டாடி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வளர்த்தேன். எனக்குப் போன இங்கிலீஷ் அவளிடம் வந்து சேர்ந்தது. நடந்தது என்ன? புலிவலத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பழனிவேல் என்று ஒருவனைக் கட்டிக்கொண்டாள். பொட்டு, பூ, தாலி, எல்லாம். அந்த வீட்டில் லோர்னா என்று வாயில் நுழையாமல் லோகு என்று கூப்பிடுகிறார்களாம். லோகு! வில்மாட் வீட்டுப் பெண். வாசல் படியை மிதிக்காதே என்றேன். அவள் அம்மா செத்ததும் அவளாகவே மிதித்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். சமைத்து வைப்பாள், துணி துவைப்பாள், சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள். பிள்ளைகளைக் கூட்டி வரவா டாடி என்று கேட்பாள். வேண்டாம் என்பேன். வீட்டுக்காரர் கீழே நிற்கிறார், ஒரு வாய் தண்ணி குடித்துவிட்டுப் போகட்டுமா என்பாள். தெருவில் குழாய் இருக்கிறது என்பேன்.

ஆ, கொள்ளிடம். பாருங்க, தண்ணீர் ஒரு ஓரமாகப் போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து சர்ச் ஃபாதர் வீடு தேடி வந்தார். "நார்மன், உங்க அண்ணன் மக வந்திருக்காங்க. ஆஸ்திரேலியாவிலேருந்து. ஷெரில்னு பேரு. வம்சம் தேடுறாங்களாம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கேயெல்லாம் இப்போது இதுதான் வேலையாம் தம்பி. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள், அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாட்டன் பூட்டனைத் தேடுகிறார்கள். இங்கிலாந்தில் ஏதோ கிராமத்துச் சர்ச்சுக்கே போய் வில்மாட்கள் புதைந்த இடமெல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அங்கிருந்து ஒருத்தன் பட்டாளத்தில் சேர்ந்து இங்கே வந்தான், அவன் வழியில் நாங்கள். எல்லாம் கண்டுபிடித்துவிட்டாள். என்னைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்தான் எந்தக் காகிதத்திலும் இல்லையே.

பின்னே எப்படி வந்தாள்? ட்ரெவர் செத்துப்போனான். கடைசி வருஷம் அவனுக்கு நினைவு தப்பிவிட்டதாம். இங்கிலீஷ் மறந்துபோய் வேறு ஏதோ பாஷை பேசினானாம். பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் விளங்கவில்லை. அதில் நார்மன், நார்மன் என்று ஒரு பேர் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு இவள் தேடியிருக்கிறாள். எங்கப்பா கல்லறை பொன்மலையில் இருக்கிறது என்று தெரிந்து ஃபாதருக்கு எழுதினாள். வில்மாட் ஒருத்தர் இன்னும் இங்கே இருக்கிறார் என்று ஃபாதர் பதில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றாளாம். எனக்கு இங்கிலீஷ் கிடையாது, பேச ஆள் வேண்டும். லோர்னாவுக்குப் போன் போட்டேன். நானாக அவளுக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. சனிக்கிழமையே வந்துவிட்டாள். சோடா உப்புப் போட்டுத் தரையைத் தேய்த்தாள். சுவரில் ஒட்டடை அடித்தாள். கரி பிடித்த பாத்திரத்தையெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கை தோல் உரிந்துவிட்டது. அம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை செய்கிற மாதிரி மஞ்சள் சோறும் கறி உருண்டைக் குழம்பும் செய்யச் சொன்னேன். சவரிமுத்து செய்வார் அதை. அவரிடம் என் பெண்டாட்டி கற்றுக்கொண்டாள், அவளிடம் இவள்.

ஷெரில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் லோர்னாவைக் கூப்பிட்டு, "பொட்டை எடுத்துடும்மா" என்றேன். "தாலியை உள்ளே போட்டுக்க. அவ கண்ணை நேராப் பாக்காதே, தலையைக் குனிஞ்சே பேசு."

"ஏன் டாடி?"

"பேப்பருக்காகத்தான்மா. ஒரு மணி நேரம்தான். அவ போனதும் எல்லாம் பழையபடிதான்."

அவள் கண்ணாடி முன்னால் போய்ப் பொட்டை எடுத்துக் கண்ணாடியிலேயே ஒட்டினாள். "பொட்டை எடுத்தாச்சு. வேற என்ன எடுக்கணும் டாடி?" என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். நானே கறுப்பு. நான் வில்மாட் என்று ஒருத்தி நம்பி வருகிறாள். பக்கத்தில் இவளையும் நிறுத்தினால் என்ன நினைப்பாள்? இவள் அவங்க அம்மா மாதிரி, நல்ல கறுப்பு. ஓகோ, பாட்டி சொன்னது சரிதான், சமையல்காரன் பரம்பரைதான் இது என்று தோன்றிவிடாதா? அறுபது வருஷம் தம்பி. அறுபது வருஷம் காத்திருந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கண் மட்டும் இவளுக்கும் பூனைக்கண். அதுவும் ஒரு கஷ்டம். நிறம் அப்படி, கண் இப்படி என்றால் கேள்வி வரும்.

ஷெரில் வந்தாள். ட்ரெவரே வந்து நின்ற மாதிரி இருந்தது. "அங்கிள் நார்மன்" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள். என்னை யாரும் கட்டிக்கொண்டு பல வருஷம் ஆயிற்று. நான் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

முதலில் போனை எடுத்தாள். அதில் ட்ரெவர் குரலைப் பிடித்து வைத்திருக்கிறாள். அவர்களுக்குப் புரியாத அந்தப் பாஷை என்ன என்று எங்களிடம் கேட்கத்தான். போட்டாள். தமிழ், தம்பி. பொன்மலைத் தமிழ். நாங்கள் ரெண்டு பேரும் சவரிமுத்துவின் அடுப்படியில் பேசுகிற தமிழ். கிழவன் குரல், ஆனால் பேச்சு சின்னப் பையன் பேச்சு. "நார்மா, அந்தச் சட்டையக் கழட்டுடா. கழட்டிப் போடுடா நார்மா. வாடா, சாப்பிடலாம்." அதையே திரும்பத் திரும்ப. கழட்டுடா, கழட்டுடா.

லோர்னா அதை ஷெரிலுக்கு இங்கிலீஷில் சொன்னாள். ஷெரில் அழுதாள். "எந்தச் சட்டைன்னு கேக்குறாங்க" என்றாள் லோர்னா என்னிடம். அவளுக்கும் தெரியாது, நான் யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் முதல் தடவை சொல்கிறேன், நீங்க யாரோ எவரோ, இறங்கினால் மறந்துவிடுவீங்க.

"எனக்கென்ன தெரியும். கிழவன் உளறியிருக்கான், நிறுத்தச் சொல்லு" என்றேன். ஹாலில் நின்றபோது சொல்லியிருக்க வேண்டியதை அறுபது வருஷம் கழித்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னால் நான் கழற்றிவிடுவேனா?

அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்து எங்கள் வம்சத்தைக் காட்டினாள். மரம் மாதிரி கிளை கிளையாக இருக்கிறது. மேலே இங்கிலாந்துக்காரர்கள், வரிசையாகப் பெயர், பிறந்த தேதி, செத்த தேதி. இங்கே வந்த முதல் வில்மாட்டுக்குப் பக்கத்தில் பெண்டாட்டி இடத்தில் மேரி என்று மட்டும் இருந்தது. ஊர், அப்பன் பெயர் ஒன்றும் இல்லை. "இவங்களைப் பத்தி எங்கயும் எதுவும் கிடைக்கலையாம். இந்த ஊர்க்காரங்கன்னு மட்டும்தான் தெரியுதாம்" என்றாள் லோர்னா. "யாராவது வேலைக்காரியா இருந்திருக்கும், விடு" என்றேன். லோர்னா அதை இங்கிலீஷில் சொல்லவில்லை.

கீழே அப்பா, அம்மா. அவர்களுக்குக் கீழே ட்ரெவர் மட்டும். ட்ரெவருக்குக் கீழே பிள்ளைகள், பேரன்கள், எல்லாரும் வெயிலில் நின்று சிரிக்கிற படம். ஷெரில் ட்ரெவருக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் போட்டாள். என் பெயரை அடித்தாள். நார்மன். ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். லோர்னா பரிமாறினாள். ஷெரில் ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே நிறுத்திவிட்டாள். அவள் பாட்டி, அதுதான் எங்கம்மா, இதையேதான் செய்வாளாம், இதே ருசியாம். இதை யார் செய்தது என்று கேட்டு, லோர்னாவை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஏதோ கேட்டாள்.

லோர்னா என் பக்கம் திரும்பினாள். "நான் உங்களுக்குச் சொந்தமான்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

கம்ப்யூட்டர் மேஜை மேல் திறந்தே இருந்தது தம்பி. என் கட்டம் அதில் இருந்தது. ஒரு பொத்தானைத் தட்டினால் போய்விடும்.

"வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணுன்னு சொல்லு" என்றேன்.

கையில் கரண்டியோடு நின்றாள். ஒன்றும் சிணுங்கவில்லை. "சரி" என்றாள். ஷெரிலிடம் இங்கிலீஷில் சொன்னாள். மற்றது புரியவில்லை, நடுவில் "குக்" என்றது மட்டும் காதில் விழுந்தது. அந்த ஒரு வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தது. அப்புறம் "சில்ட்ரன்" என்று ஷெரில் என்னைக் கேட்டாள், பிள்ளைகள் உண்டா என்றுதான். அதற்கு லோர்னா என்னிடம் திரும்பவே இல்லை. அவளே "நோ" என்று சொல்லிவிட்டாள். கெட்டிக்காரி, சொல்லித்தர வேண்டியதே இல்லை.

ஷெரில் போகும்போது லோர்னாவிடமும் கை குலுக்கினாள். அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். உரிந்து கிடந்ததே, அதைத்தான்.

ஷெரில் போன பிறகு லோர்னா பாத்திரம் கழுவினாள். கண்ணாடியிலிருந்த பொட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "எல்லாம் கழுவி வச்சுட்டேன். கிளம்பட்டுங்களா ஐயா?" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "போய்ட்டு வா" என்றேன்.

அதற்கப்புறம் வரவே இல்லை தம்பி. பல ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. ஹோட்டலில்தான் சாப்பாடு, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. துணி மூட்டையாகக் கிடக்கிறது. போன் போட்டால் எடுப்பதில்லை. ஒருநாள் ஒரு சின்னக் குரல் எடுத்தது. பேரனாக இருக்கும், பேத்தியாகவும் இருக்கலாம். "யாருங்க பேசறது?" என்று கேட்டது. நான் வைத்துவிட்டேன். இத்தனை செய்து படிக்க வைத்தவனுக்கு இதுதான் மரியாதை. என்ன பெரிய குற்றம் செய்துவிட்டேன்? ஒரு பேச்சுக்குச் சொன்னது. மனசில் வைத்துக்கொண்டு வன்மம் பாராட்டுகிறாள். இந்தக் குணம் யாரிடமிருந்து வந்ததோ, அவங்கம்மா அப்படியில்லை.

டோல்கேட் வந்துவிட்டதா? நிற்கிறான், நல்லது. இந்த முனையைப் பிடியுங்க. மெதுவாக. பார்த்தீங்களா? எவ்வளவு பெரிசு. நல்ல தடிமனான காகிதம். இங்கே, அண்ணனுக்குப் பக்கத்தில். படிங்க. நார்மன் வில்மாட் என்று இருக்கிறதா? சத்தமாகப் படிங்க. இன்னொரு தடவை. ஃபாதரும் படித்தார், ஆனால் வேறு ஆள் படித்தும் கேட்க வேண்டும்.

கீழே? எனக்குக் கீழே ஒன்றும் இல்லை. கோடு அங்கேயே நிற்கிறது. ட்ரெவருக்குக் கீழே எத்தனை பேர் பாருங்க, இடமே இல்லாமல் எழுதியிருக்கிறாள். எனக்குக் கீழே சுத்தமாக இருக்கிறது. பரவாயில்லை, என் பெயர் இருக்கிறதே.

சுருட்டிவிடலாம், வண்டி கிளம்புகிறது.

அதே பார்சலில் இன்னொன்றும் வந்தது. இந்தப் பையில் இருக்கிறது. கையில் பூசுகிற கிரீம். மூடியைத் திறக்காமலே வாசனை வருகிறது பாருங்க. மேலே ஷெரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள். ஃபாதர் படித்துச் சொன்னார். உங்கள் வீட்டில் சமைக்கிற, அழகான கண் உள்ள அந்தம்மாவுக்கு, அன்பளிப்பு என்று எழுதியிருக்கிறதாம். அதைக் கொடுக்கத்தான் போகிறேன். எனக்கென்று வந்திருந்தால் போயிருக்க மாட்டேன், பாருங்க. அவளுக்கென்று வந்ததை நான் வைத்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டுச் சாமான், ஆசையாகக் கொடுத்திருக்கிறாள். கையில் பூசிக்கொண்டால் கோபம் போய்விடும்.

என்ன தம்பி, அப்படிப் பார்க்கிறீங்க? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீங்களே. தூக்கமா?

மண்ணச்சநல்லூர் போய்விட்டதா? ரைஸ்மில் வாசனை வந்ததே. அடுத்தது புலிவலமா? சொல்லிவிடுங்க, எழுந்திருக்க எனக்கு நேரமாகும்.

வீடு எது என்று தெரியாது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பஞ்சர் கடை என்று அவள் சொன்ன ஞாபகம். பழனிவேல் என்னைப் பார்த்ததில்லை, நான் அவனைப் பார்த்ததில்லை. பின்னால் வீடு. கதவைத் தட்டினால் அந்தப் பிள்ளைகள் யாராவது வந்து திறக்கும். போனில் கேட்ட மாதிரியே யாருங்க என்று கேட்கும். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வருகிறேன். வில்மாட் என்றால் அதற்கு என்ன தெரியும்? தாத்தா என்று சொல்ல எனக்கு வாய் வருமா, அது நம்புமா? எனக்குக் கீழே யாரும் இல்லை என்று காகிதத்தில் அடித்து வந்திருக்கிறது.

ஒன்றும் வேண்டாம். அம்மாகிட்ட ஒரு சாமான் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறேன், பொன்மலையிலிருந்து கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுகிறேன். யார் கொடுத்துவிட்டது என்று கேட்காது, சின்னப் பிள்ளைதானே. வாசலிலேயே நிற்கிறேன். அதற்குள் அவள் வந்துவிடுவாள்.

வந்துவிட்டதா? கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்க. குழாயை அப்படிக் கொடுங்க. பார்த்து, நசுக்கிவிடாதீங்க.